ரத்தப் புற்றுநோயும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையும்: டாக்டர் சொல்லும் சொற்களுக்கு என்ன பொருள்?

என் தங்கைக்கு அக்யூட் லுக்கேமியா என்று உறுதியான அன்று டாக்டர் அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கும் அம்மாவுக்கும் அதில் பாதிகூட நினைவில் இல்லை. பிளாஸ்ட், ரெமிஷன், கண்டிஷனிங், மேட்ச் என்று காதில் விழுந்த சொற்களை அன்றிரவே ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நோட்டில் இருந்த கேள்விகள்தான் இவை. ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதோடு, எதைக் குறிக்கவில்லை என்பதையும் எழுதியிருக்கிறேன். நாங்கள் தேவையில்லாமல் பயந்ததும், பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருந்ததும் அது தெரியாமல்தான். எந்த மருந்து, எந்தச் சிகிச்சை என்பதை உங்கள் டாக்டரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரத்தத்தில் எப்படிப் புற்றுநோய் வரும்? கட்டி எங்கே இருக்கிறது?

லுக்கேமியாவில் பெரும்பாலும் கட்டி என்று ஒன்று இருக்காது. ரத்த அணுக்கள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். தட்டணு, அதாவது பிளேட்லெட், 7 முதல் 10 நாள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ரத்தத்தில் ஒரு நாள் தங்கினாலே அதிகம். அதனால் மஜ்ஜை ஒரு நாளும் ஓய முடியாது; சிவப்பணுக்களை மட்டுமே தினமும் சுமார் 20,000 கோடி உண்டாக்க வேண்டியிருக்கிறது. இந்த உற்பத்தி வரிசையில் ஏதோ ஓர் அணுவின் மரபணுவில் பிழை விழுந்து, அது முதிராமலே, சாகாமலே பெருகத் தொடங்கினால் ரத்தப் புற்றுநோய். கெட்ட அணுக்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் போகிறது. சோர்வு, அடிக்கடி காய்ச்சல், ஈறில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள் எல்லாம் அந்தப் பற்றாக்குறையின் அடையாளங்கள்.

எலும்பு மஜ்ஜையும் முதுகுத் தண்டும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பத்தால் மஜ்ஜைப் பரிசோதனைக்கே பயந்து மறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மஜ்ஜை மாதிரி எடுப்பது இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து. அங்கே முதுகுத் தண்டு கிடையாது. கை கால் விழுந்துவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை. திரவமாக உறிஞ்சுவது ஆஸ்பிரேட், சிறு துண்டாக எடுப்பது பயாப்சி. உறிஞ்சும் அந்தச் சில நொடிகள் வலிக்கும் என்பது உண்மை.

கீழ்முதுகில் ஊசி குத்தித் தண்டுவடத் திரவம் எடுப்பது வேறு பரிசோதனை, அதன் பெயர் லம்பார் பங்க்சர். சில லுக்கேமியாக்கள் மூளையைச் சுற்றிய திரவத்தில் ஒளிந்துகொள்ளும் என்பதால், அந்த வழியாகவே கீமோ மருந்தும் கொடுப்பார்கள்.

ஸ்டெம் செல் என்றால் கருவிலிருந்து எடுப்பதா?

இந்தச் சிகிச்சையில் சொல்லப்படுவது ரத்த ஸ்டெம் செல். தமிழில் குருத்தணு என்றும் எழுதுகிறார்கள். நம் எல்லோர் மஜ்ஜையிலும் இருக்கும் தாயணு இது. தன்னைப் போலவே இன்னொன்றையும் உண்டாக்கும், எல்லா வகை ரத்த அணுவாகவும் மாறும். இதன் மேற்பரப்பில் இருக்கும் சி.டி.34 என்ற அடையாளத்தை வைத்துத்தான் எத்தனை ஸ்டெம் செல் சேர்ந்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள்.

லுக்கேமியா, லிம்போமா, மைலோமா: என்ன வித்தியாசம்?

லுக்கேமியா மஜ்ஜையிலும் ரத்தத்திலும் இருப்பது. 1847-இல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ வைத்த பெயர். கிரேக்கத்தில் 'வெள்ளை ரத்தம்' என்று பொருள். லிம்போமா, லிம்போசைட் என்ற வெள்ளையணுவில் தொடங்கி நிணநீர்க் கணுக்களில் வளர்வது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாத நெறிக்கட்டாக முதலில் தெரியும். 1832-இல் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த வகைக்கு அவர் பெயர். மற்றவை எல்லாம் 'நான் ஹாட்ஜ்கின்'. மைலோமா, பிளாஸ்மா செல் என்ற எதிர்ப்புரதம் சுரக்கும் அணுவில் வருவது. அது எலும்பை அரிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நடுவயதைத் தாண்டியவர்களின் தீராத முதுகுவலிக்குப் பின்னால் சில சமயம் இது இருக்கும்.

அக்யூட், கிரானிக் என்கிறார்களே. எது மோசம்?

இந்தச் சொற்கள் வேகத்தைச் சொல்கின்றன. மோசம், லேசு என்ற தராசு இல்லை. அக்யூட் என்றால் சில நாட்களில், வாரங்களில் முற்றும். உடனே சிகிச்சை தொடங்க வேண்டும், ஆனால் பல அக்யூட் வகைகள் முழுமையாகக் குணமாகக்கூடியவை. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்ற வகை முதல் சில நாட்களில் ரத்தக்கசிவால் உயிரைப் பறிக்கக்கூடியது. அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் வைட்டமின் ஏ சார்ந்த ஒரு மருந்தும் ஆர்செனிக்கும் சேர்ந்து பெரும்பாலானவர்களைக் குணமாக்கிவிடுகின்றன.

கிரானிக் என்றால் மெதுவாக, வருடக்கணக்கில் போவது. கிரானிக் மைலாய்டு லுக்கேமியாவில் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அப்படி உருவான குட்டைக் குரோமோசோமை 1960-இல் ஃபிலடெல்ஃபியா நகரில் கண்டார்கள், அதனால் ஃபிலடெல்ஃபியா குரோமோசோம். அது துண்டு மாறியதால் வந்தது என்பதை 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். அதன் வேலையை மட்டும் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முன்பு மாற்று சிகிச்சையை நம்பியே இருந்த நோய், இன்று பெரும்பாலானவர்களுக்கு தினம் மாத்திரை போட்டு வாழும் நோயாகியிருக்கிறது.

மைலாய்டு, லிம்ஃபாய்டு என்பது எந்தக் கிளை அணுவில் நோய் தொடங்கியது என்பதைச் சொல்கிறது. வேகம் இரண்டு, கிளை இரண்டு. ஏ.எம்.எல்., ஏ.எல்.எல்., சி.எம்.எல்., சி.எல்.எல். என்ற நான்கு பெயர்களும் இதிலிருந்துதான் வருகின்றன.

நோய் இருக்கிறது என்கிறார்கள், ஆனால் மருந்தே கொடுக்கவில்லை. ஏன்?

மெதுவாக வளரும் சில லிம்போமாக்களிலும் சி.எல்.எல். நோயிலும் தொந்தரவு தொடங்கும்வரை கவனித்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள். 'வாட்ச் அண்ட் வெயிட்' என்பார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. இந்த வகைகளில் முன்கூட்டியே மருந்து தொடங்கியதால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை, பக்கவிளைவு மட்டும் முன்கூட்டியே வந்துவிடும்.

எந்த ஸ்டேஜ்?

உறவினர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். லுக்கேமியா தொடக்கத்திலிருந்தே ரத்தம் முழுக்க இருப்பதால் அக்யூட் வகைகளுக்கு ஸ்டேஜ் போடுவதில்லை. குரோமோசோம், மரபணு மாற்றங்களைப் பார்த்து 'ரிஸ்க்' பிரிப்பார்கள். லிம்போமாவில் 1 முதல் 4 வரை ஸ்டேஜ் உண்டு. ஆனால் நிணநீர் மண்டலம் உடம்பு முழுக்கப் பரவியிருப்பது, ஆகவே 4-ஆம் ஸ்டேஜ் என்றால் கைமீறிவிட்டது என்று மற்ற புற்றுநோய்களை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 4-ஆம் ஸ்டேஜ் ஹாட்ஜ்கின் லிம்போமா பலருக்குக் குணமாகிறது.

பிளாஸ்ட் என்பது என்ன?

முதிராத ரத்த அணு. நல்ல மஜ்ஜையிலும் கொஞ்சம் இருக்கும், 5 சதவீதத்துக்குள். மஜ்ஜையில் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பொதுவாக அக்யூட் லுக்கேமியா. சில மரபணு மாற்றங்கள் இருந்தால் அதற்குக் குறைவாக இருந்தாலே அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

ஹீமோகுளோபின் குறைந்தால் சோர்வு, மூச்சு வாங்கல். பிளேட்லெட் சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும். 10,000-க்குக் கீழே போனால் ரத்தம் கசியாவிட்டாலும் ஏற்றிவிடுவது வழக்கம். ஆனால் நான் தினமும் தேடிய எண் ஏ.என்.சி. கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோஃபில் எத்தனை என்பது அது. ரிப்போர்ட்டில் தனியாகப் போடாவிட்டால் நீங்களே கணக்கிடலாம்: மொத்த வெள்ளையணு 2,000, நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால், 400. இது 500-க்குக் கீழே இருந்தால் கிருமியிடம் உடம்பு ஏறக்குறைய நிராயுதபாணி.

இங்கேதான் நாங்கள் அசட்டையாக இருந்தோம். கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த தங்கைக்கு ராத்திரி லேசாகச் சுட்டது. காலையில் பார்க்கலாம் என்று ஒரு பாராசிட்டமால் கொடுத்தோம். அப்படிச் செய்யவே கூடாது. வெள்ளையணு இல்லாத உடம்பில் சீழோ இருமலோ இல்லாமல் போகலாம். பல சமயம் காய்ச்சல் மட்டும்தான் ஒரே அடையாளம், மாத்திரை அதையும் மறைத்துவிடும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது கணக்கு. இதன் பெயர் ஃபெப்ரைல் நியூட்ரோபீனியா. எந்த டாக்டரிடமும் இந்தச் சொல்லைச் சொன்னால் அவசரம் புரியும்.

ரெமிஷன் என்றால் குணமாகிவிட்டதா?

இந்தச் சொல்தான் எங்களை அதிகம் ஏமாற்றியது. ஒரு மாத மருந்துக்குப் பிறகு 'ரெமிஷன்' என்றார்கள், வீட்டில் எல்லோரும் அழுது சிரித்தோம். உடனே அடுத்த கீமோ தேதியைக் கொடுத்ததும் ஒன்றும் புரியவில்லை.

கம்ப்ளீட் ரெமிஷன் என்றால் மஜ்ஜையில் பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே வந்து, நல்ல அணுக்கள் மீண்டு, நோய் மைக்ராஸ்கோப் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள். நோய் தெரியவரும்போது உடம்பில் லட்சம் கோடி அளவுக்கு லுக்கேமியா அணுக்கள் இருக்கலாம். ரெமிஷன் வந்த பிறகும் நூறு கோடி மிச்சமிருக்க முடியும். மைக்ராஸ்கோப்பில் பிடிபடாத அந்த மிச்சத்தை எம்.ஆர்.டி. என்பார்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி, பி.சி.ஆர். போன்ற பரிசோதனைகள் பத்தாயிரத்தில், லட்சத்தில் ஒரு கெட்ட அணு இருந்தாலும் காட்டிவிடும். 'ரெமிஷன் வந்துவிட்டதா?' என்று கேட்டதோடு நிறுத்தாமல் 'எம்.ஆர்.டி. நெகட்டிவா?' என்றும் கேளுங்கள். மாற்று சிகிச்சை தேவையா என்ற முடிவிலும் அந்தப் பதிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ரெமிஷனுக்குக் கொண்டுவரும் முதல் கட்ட மருந்து இண்டக்ஷன். மிச்சத்தை ஒழிக்கும் அடுத்த கட்டம் கன்சாலிடேஷன். ஏ.எல்.எல். போன்றவற்றில் இரண்டு வருடம் வரை குறைந்த அளவில் தொடர்வது மெயின்டனன்ஸ். ரெமிஷனுக்குப் பிறகு நோய் திரும்பினால் ரிலாப்ஸ், மருந்துக்கு முதலிலிருந்தே மசியாவிட்டால் ரிஃப்ராக்டரி.

மாற்று சிகிச்சை என்பது ஆபரேஷனா?

இல்லை. 'டிரான்ஸ்பிளான்ட்' என்றதும் ஆபரேஷன் தியேட்டர், தையல் என்றெல்லாம் நினைத்திருந்தோம். நோயாளியின் படுக்கையருகே ஒரு பை தொங்கும், ரத்தம் ஏற்றுவதுபோல ஏறும். நெஞ்சுப் பகுதியிலோ கையிலோ பெரிய ரத்தக்குழாய்க்குள் போட்டுவைத்த சென்ட்ரல் லைன் வழியாக உள்ளே போகும் ஸ்டெம் செல், ரத்த ஓட்டத்தில் கலந்து தானாகவே மஜ்ஜையைத் தேடிப் போய்ச் சேர்கிறது.

மனிதர்களிடம் இதை முயன்ற முன்னோடி டொனால் தாமஸ். முதல் முடிவுகளை 1957-இல் வெளியிட்டார். தொடக்க நோயாளிகளில் பெரும்பாலானோரைக் காப்பாற்ற முடியவில்லை. பலர் இந்த வழியையே கைவிட்டபோதும் அவர் தொடர்ந்தார். 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆட்டோ, அல்லோ?

ஆட்டோலோகஸ் என்றால் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே முன்கூட்டி எடுத்து உறையவைத்து, மஜ்ஜை தாங்காத அளவு பெரிய கீமோ கொடுத்துவிட்டுத் திருப்பித் தருவது. மைலோமாவிலும் சில லிம்போமாக்களிலும் இது அதிகம். இதில் வேலை செய்வது அந்தப் பெரிய கீமோ, ஸ்டெம் செல் அதிலிருந்து மீட்கும் துணை. உறையவைக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனத்தால் அன்று அறையில் பூண்டு போன்ற வாடை வரும், பயப்பட வேண்டாம்.

அல்லோஜெனிக் என்றால் இன்னொருவரின் ஸ்டெம் செல். இதில் கீமோவைத் தவிர இன்னொரு ஆயுதம் சேர்கிறது: கொடுத்தவரின் நோய் எதிர்ப்பு அணுக்கள். அவை மிச்சமிருக்கும் லுக்கேமியாவை அந்நியமாக அடையாளம் கண்டு அழிக்கின்றன. லுக்கேமியாவில் அல்லோவை நாடுவதற்கு இதுதான் காரணம்.

மேட்ச் என்றால் ரத்த குரூப் பொருந்துவதா?

ரத்த குரூப் பொருந்த வேண்டிய கட்டாயமே இல்லை. பார்ப்பது எச்.எல்.ஏ. என்ற அடையாளங்களை. நம் அணுக்களின் மேல் இருக்கும் இந்தப் புரதங்களை வைத்துத்தான் உடம்பு 'நம்மவர், அந்நியர்' என்று பிரிக்கிறது. முதல் எச்.எல்.ஏ. அடையாளத்தை 1958-இல் ழான் தோசே கண்டறிந்தார். அவருக்கும் 1980-இல் நோபல். பத்துக்குப் பத்து என்று சொல்வது பத்து அடையாளமும் ஒத்துப்போவதை.

இவை 6-ஆம் குரோமோசோமில் கொத்தாக இருப்பதால் அப்பாவிடமிருந்து ஒரு கொத்து, அம்மாவிடமிருந்து ஒரு கொத்து வருகிறது. கூடப்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு, பாதி பொருந்த 50, பொருந்தாமல் போக 25. 'என் ரத்தம்தானே, ஏன் சேரவில்லை' என்று மனம் நோக வேண்டாம், பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பெற்றோரும் பிள்ளைகளும் எப்போதும் பாதியாவது பொருந்துவார்கள். அந்தப் பாதிப் பொருத்தம் ஹாப்லோ. ஒரு காலத்தில் ஆபத்து என்று ஒதுக்கப்பட்டது. செல் ஏற்றிய மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து கொடுக்கும் முறை வந்த பிறகு பரவலாகிவிட்டது. குடும்பத்தில் யாரும் இல்லையென்றால் கொடையாளர் பதிவேடுகளில் தேடுவார்கள். தொப்புள்கொடி ரத்தமும் ஒரு வழி. முதல் முறை 1988-இல் பாரிஸில் எலியான் குளுக்மான் குழு செய்தது.

கொடுப்பவருக்கு என்ன ஆகும்?

நானே கொடுத்தவன். நான்கைந்து நாள் ஜி.சி.எஸ்.எஃப். என்ற ஊசி தோலுக்கடியில் போட்டார்கள். அது ஸ்டெம் செல்லை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறக்கிவிடும். இடுப்பும் முதுகும் காய்ச்சல் வந்ததுபோல வலித்தது. அப்புறம் ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், ஸ்டெம் செல் பிரிந்து, மீதி மறு கை வழியே திரும்பி வந்தது. அஃபெரிசிஸ் என்று பெயர், சில மணி நேரம் ஆகும். உதட்டோரம் லேசாக மரத்தது, கால்சியம் கொடுத்ததும் சரியாகிவிட்டது. சிலரிடம் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையாகவே எடுப்பார்கள். எப்படி எடுத்தாலும் கொடுத்தது சில வாரங்களில் ஊறிவிடும்.

கண்டிஷனிங், டே ஜீரோ?

புதிய செல் வருவதற்கு முன் கொடுக்கும் கீமோ, சில சமயம் கதிர்வீச்சும் சேர்ந்தது, கண்டிஷனிங். மிச்ச நோயை அழிப்பது, பழைய எதிர்ப்புச் சக்தியை அடக்கி வருபவற்றுக்கு இடம் கொடுப்பது என்று இரண்டு வேலை. முழு வீச்சில் கொடுப்பது ஒரு வகை. வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் வீரியம் குறைத்துக் கொடுப்பது இன்னொன்று. செல் ஏற்றும் நாள் டே ஜீரோ. அதற்கு முந்தைய நாட்கள் மைனஸ் 7, மைனஸ் 6 என்று இறங்கும், பிறகு பிளஸ் 1, பிளஸ் 2 என்று ஏறும்.

எப்போது 'பிடித்துவிட்டது' என்பார்கள்?

நட்ட நாற்று வேர் பிடித்துப் பச்சை கட்டுவதைப் போன்றது இது. பெயர் என்கிராஃப்ட்மென்ட். ஏ.என்.சி. தொடர்ந்து மூன்று நாள் 500-ஐத் தாண்டினால் முதல் நாளைப் பிடித்த நாளாகக் குறிப்பார்கள். இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அந்த இடைவெளிதான் மிகக் கடினம். எண்ணிக்கை பூஜ்யத்தில் நிற்கும், வாயிலிருந்து குடல்வரை புண்ணாகி எச்சில் விழுங்கவே வலிக்கும், முடி கொட்டும். பலகையில் பூஜ்யம், பூஜ்யம் என்று பார்த்துப் பழகிய பிறகு ஒரு காலை 0.1 (ஆயிரத்தில் கணக்கு, அதாவது 100) என்று எழுதியிருந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை.

ஜி.வி.எச்.டி. என்றால் உடம்பு ஏற்காததா?

தலைகீழ். சிறுநீரகம் மாற்றினால் உடம்பு உறுப்பை எதிர்க்கும். இங்கே மாற்றியதே எதிர்ப்புப் படையை, அதனால் வந்தவர்கள் இருக்கும் உடம்பை எதிர்க்கிறார்கள். கொடையாளரின் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் செய்யும் வேலை இது. அக்யூட் வகை தோலில் சிவந்த தடிப்பு, வயிற்றுப்போக்கு, மஞ்சள்காமாலை என்று மூன்று இடத்தில் தெரியும். கிரானிக் வகையில் கண்ணும் வாயும் உலரும், தோல் இறுகும், மூட்டு, நுரையீரல்வரை போகலாம். முன்பு 100 நாளை எல்லைக்கோடாக வைத்தார்கள், இப்போது அறிகுறியை வைத்தே பிரிக்கிறார்கள். தடுக்க சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் தருவார்கள், வந்துவிட்டால் ஸ்டீராய்டு. உள்ளங்கையில் சின்ன அரிப்பு என்றாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதே டி செல்கள்தான் லுக்கேமியாவையும் விரட்டுகின்றன. ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடமிருந்து செல் எடுத்தால் ஜி.வி.எச்.டி. பெரும்பாலும் வராது, ஆனால் நோய் திரும்புவது கூடுதல். கொஞ்சம் எதிர்ப்பு வேண்டும், அளவு மீறக் கூடாது. டாக்டர்கள் மருந்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

கைமரிசம் என்று ஒரு ரிப்போர்ட் வந்தது. அது என்ன?

ரத்தத்தில் எத்தனை சதவீதம் கொடையாளரின் அணு, எத்தனை சதவீதம் பழையது என்ற கணக்கு. 100 சதவீதம் கொடையாளர் என்று வந்தால் நல்லது. குரூப் வேறாக இருந்தால் நோயாளியின் ரத்த குரூப்பும் மெல்ல மாறிவிடும். தலைமுடியின் மரபணு பழையபடியே இருக்கும். குணம், குரல் எதுவும் மாறாது. அம்மா இதைத்தான் முதலில் கேட்டார்.

100-ஆம் நாளில் எல்லாம் முடிந்துவிடுமா?

தொடக்க ஆபத்துகளில் பெரும்பகுதி அதற்குள் கடந்திருக்கும், மஜ்ஜையை மறுபடி பார்ப்பார்கள். ஆனால் எதிர்ப்புச் சக்தி முழுதாகத் தேற ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் போய்விடுவதால் அவற்றைத் திரும்பப் போட வேண்டும். ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு பாய்ச்சிய ரத்தம்தான் வேண்டும் என்பதை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் சொல்லிவிடுங்கள்.

கார் டி செல் என்பதும் இதேதானா?

வேறு. நோயாளியின் சொந்த டி செல்லை எடுத்து, கெட்ட அணுவை அடையாளம் காணும்படி மரபணுவை மாற்றித் திருப்பிச் செலுத்துவது. முதல் அனுமதி 2017-இல் அமெரிக்காவில் கிடைத்தது. சில ஏ.எல்.எல்., லிம்போமா, மைலோமா நோயாளிகளுக்குப் பயன்படுகிறது.

சிகிச்சை தொடங்கும் முன் கட்டாயம் கேட்க வேண்டியது ஏதாவது?

பிற்காலத்தில் குழந்தை பெறுவது பற்றி. உயிர் பிழைத்தால் போதும் என்று இருக்கும்போது யாருக்கும் இதைக் கேட்க வாய் வராது. எங்களுக்கும் வரவில்லை, ஒரு நர்ஸ்தான் தங்கையைத் தனியே அழைத்துப் பேசினார். பெரிய கீமோவும் கதிர்வீச்சும் கருத்தரிக்கும் திறனைக் கெடுக்கலாம். ஆண்கள் விந்தணுவை உறையவைக்க ஒரு நாள் போதும். பெண்களின் கருமுட்டையை எடுக்க ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும், அக்யூட் லுக்கேமியாவில் அவ்வளவு நேரம் பெரும்பாலும் கிடைக்காது. அப்போது ரெமிஷனுக்குப் பிறகு, மாற்று சிகிச்சைக்கு முன் ஒரு இடைவெளி இருக்குமா, வேறு வழி உண்டா என்று அந்த முதல் வாரத்திலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.